பிரமோத பாவனை: குணம் கண்டு மகிழும் அறம்

நால்வகைப் பாவனைகள்

சாமாயிகத்தில் அமரும் சிராவகர் நான்கு பாவனைகளை மனத்தில் கொள்ள வேண்டும் என்பது நம் ஆசாரியர்களின் அருளுரை. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இவற்றை வகுத்தருளினார். அமிதகதி ஆசாரியரின் சாமாயிக பாடமும் இவற்றையே முதற்கண் வைத்துத் தொடங்குகிறது. எல்லா உயிர்களிடத்தும் நட்புப் பாராட்டுவது மைத்திரி. குணத்தால் மேம்பட்டோரைக் கண்டு உவப்பது பிரமோதம். துன்புறும் உயிர்கள்பால் இரங்குவது காருண்யம். நன்னெறியை ஏற்காது மாறுபட்டு நிற்போரிடத்து விருப்பு வெறுப்பின்றி இருப்பது மாத்தியஸ்தம்.

இந்நான்கனுள் மைத்திரியையும் காருண்யத்தையும் பற்றி நம் இல்லங்களிலும் ஆலயங்களிலும் பலகாலும் பேசுகிறோம். பிரமோதத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. பேசும்போதும், முனிவர்களைக் கண்டு வணங்குவதோடு அது நிறைவெய்திவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். முன்பின் அறியாத ஒருவர், நம் குலத்தவரோ சமயத்தவரோ அல்லாதவர், பலரும் காணும் இடத்தில் ஒரு சிறு நற்செயல் புரியக் கண்டால் நம் நெஞ்சில் எழ வேண்டியது யாது? அவ்வெழுச்சி எதில் சென்று முடிய வேண்டும்? இவ்விரண்டையும் ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

காட்டுப்பள்ளிக் கரை

பள்ளி என்பது பழந்தமிழில் சமண முனிவர் உறைவிடத்தைக் குறித்த சொல். மாணாக்கர் கற்கும் இடத்தையும் அச்சொல்லாலேயே இன்றும் வழங்குகிறோம். ஊர்ப்பெயர்களின் ஈற்றில் சிற்றூர் என்னும் பொருளிலும் அது வரும். ஆதலின் காட்டுப்பள்ளி என்னும் பெயரைக் கேட்டவுடன் நம்மவர் செவி சற்றே கூர்மையடைதல் இயல்பு.

அவ்வூர் திருவள்ளூர் மாவட்டத்தில், எண்ணூருக்கு வடக்கே, வங்கக்கடல் ஒருபுறமும் கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் மறுபுறமுமாக நீண்டு கிடக்கும் மணல் நிலத்தில் அமைந்துள்ளது. அதற்கு வடக்கே பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகை ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரியதாகிய உவர்நீர் ஏரி. இப்பகுதி முழுவதும் மீனவர் குப்பங்கள். ஏரியில் வலையிடும் இடத்தையும் நாளையும் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் வழக்கம் இம்மக்களிடையே நெடுங்காலமாக உள்ளது. வளமான நீர்ப்பரப்பை ஒருவரே வளைத்துக்கொள்ளாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. பரிக்கிரகத்திற்கு ஓர் அளவு வேண்டும் என்று நாம் ஓதும் கருத்து, அங்கே தொழில் ஒழுங்காக நின்று நிலவுவதைக் காண்கிறோம்.

சென்னையில் வாழும் நம் குடும்பத்தார் பலர் அக்கரையைக் கண்டிருக்கமாட்டார்கள். ஆயினும் நமக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் திறனுடைய நிலையம் காட்டுப்பள்ளியில்தான் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. வட சென்னை அனல்மின் நிலையமும் அக்கரையோரத்திலேயே உள்ளது. நகரத்தார் குடிக்கும் நீரிலும் ஏற்றும் விளக்கிலும் அக்கரைக்குப் பங்குண்டு. அனல்மின் நிலையத்துச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து மீன்வளம் குன்றியது என்று அங்குள்ள மீனவர் பல்லாண்டுகளாக முறையிட்டு வந்துள்ளனர். உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி நிற்பதே அவற்றின் இயல்பு என்று நம் ஆகமம் கூறும். நாம் பெற்ற உதவிக்கு யார் விலை கொடுத்தனர் என்பதையும் அவ்வாகமம் கற்றவர் எண்ணிப் பார்த்தல் கடன்.

வெள்ளத்தில் வந்த படகுகள்

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கிய பெருமழையில், ஒரே நாளில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரைபுரண்டது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, முடிச்சூர் முதலிய பகுதிகளில் மக்கள் மாடிகளில் ஏறி நின்று உதவிக்குக் காத்திருந்தனர். அவ்வேளையில் சென்னைக் கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தம் ஃபைபர் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு நகருக்குள் வந்தனர். கடலில் ஓட்டும் படகைத் தெருவில் செலுத்துதல் எளிதன்று. நீருக்குள் மறைந்திருக்கும் மதிற்சுவரும் இரும்புக் கதவும் காரும் படகின் அடியைக் கிழிக்கும், இன்ஜினைப் பழுதாக்கும். படகே அவர்களுக்கு வாழ்வின் முதல். அதனை அறிமுகமற்றவர் பொருட்டுப் பணயம் வைத்தனர்.

2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் எண்ணூர் காமராசர் துறைமுகத்தின் அருகே இரு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கடலில் கலந்து கரையெங்கும் படிந்தது. தாரைப் போலக் கெட்டியாகிவிட்ட அக்கழிவை அள்ளுவதற்கு இயந்திரங்கள் போதவில்லை. கடலோரக் காவற்படையினரும் மாணவர்களும் மீனவர்களும் பிற தன்னார்வலர்களும் வாளிகளைக் கைமாற்றிக் கைமாற்றி அதனை அகற்றினர். ஒருவர் ஏந்திய வாளி சிறிதே. வரிசை நீண்டதால் கரை தூய்மை பெற்றது.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, அவ்வரசின் கணக்குப்படி 669 படகுகளில் நாலாயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர் சென்று ஏறத்தாழ 65,000 பேரை மீட்டனர். அவர்களுள் ஒருவர் மலப்புறம் மாவட்டத்து ஜெய்சல். மீட்புப் படகின் விளிம்பு உயரமாக இருந்தமையால் பெண்கள் ஏற இயலாது தவித்தனர். அது கண்ட அவர் நீரில் மண்டியிட்டுக் குனிந்து, தம் முதுகையே படியாக்கினார். அவர்கள் அதன்மேல் கால்வைத்துப் படகேறினர். சில நொடிகளில் முடிந்த செயல் அது. ஒருவர் படமெடுத்தமையால் நாடெங்கும் கண்டது. படகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தபோது, உடன்பிறந்தாரைக் காத்ததற்குக் கூலி எதற்கு என்று அதனை வேண்டாது விட்ட மீனவரும் இருந்தனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் மீண்டும் வெள்ளம் சூழ, மீனவர் படகுகள் மீண்டும் தெருக்களுக்குள் வந்தன.

எழும் ஐயம்

இங்கே நம்மவர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுதல் கூடும். மீன் பிடிப்பது உயிர்க்கொலை அன்றோ? கொலைத்தொழில் புரிவாரைக் கண்டு மகிழ்தல் அகிம்சை அணுவிரதம் பூண்டார்க்குத் தகுமோ? குணாதிகர் என்பதற்கு நல்ஞானம் முதலியவற்றால் மேம்பட்டோர் என்றல்லவா உரையாசிரியர் பொருள் உரைத்தனர்?

இது வீண் ஐயமன்று. விடை கூற வேண்டியதே. பாவம் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவழியாலும் நம்மைச் சாரும் என்பது உண்மை. ஆயின் நாம் உடன்படுவது எதற்கு என்பதை நோக்க வேண்டும். வலையில் துடிக்கும் மீனைக் கண்டு மகிழ்ந்தால் அது இம்சைக்கு உடன்பட்டதாகும். முதுகைப் படியாக்கிய இரக்கத்தைக் கண்டு மகிழ்ந்தால் அது இரக்கத்திற்கு உடன்பட்டதேயாம். ஒரே மனிதரிடத்து இரண்டும் உள என்பதனால் ஒன்று மற்றொன்றாகிவிடாது.

மேலும், நற்காட்சியின் அடையாளங்களாகப் பிரசமம், சம்வேகம், அனுகம்பை, ஆஸ்திக்கியம் என நான்கு கூறுவர். அனுகம்பை என்பது பிறர் துன்பத்தைத் தன் துன்பமாகக் கண்டு நடுங்குதல். பிறர் ஆன்மாவின் நிலையை அளந்தறிய நமக்குக் கேவலஞானம் இல்லை. நம் கண்ணுக்குப் புலனாவது அடையாளமே. ஆகவே அனுகம்பை எவரிடத்துச் சுடர்விடினும் அச்சுடரைக் கண்டு உவத்தல் முறையாகும். குணத்தைப் போற்றுவது அம்மனிதரின் தொழில் முழுவதற்கும் சான்று வழங்குவதாகாது.

உழவையும் வணிகத்தையும் வாழ்வாகக் கொண்ட நாமும் இம்சையினின்று முற்றும் நீங்கியவர் அல்லோம். ஏர் ஓடும் நிலத்தில் மடியும் சிற்றுயிர்களை எண்ணியே நாள்தோறும் பிரதிக்கிரமணம் செய்கிறோம். தொழில் இம்சையும் கருதிச் செய்யும் இம்சையும் ஒன்றல்ல என்னும் வேறுபாட்டை மறக்கவேண்டுவதில்லை. எனினும் அவ்வேறுபாட்டைப் பிறர் குணத்தை மறைக்கும் திரையாக்குதல் கூடாது.

ஆகமம் காட்டும் இருவர்

நம் முன்னோர் இவ்வகையில் நம்மினும் விரிந்த நெஞ்சினர். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் ஐந்து அணுவிரதங்களுக்கும் எடுத்துக்காட்டாவாரை முறையே குறிக்கிறார். அந்நூலைத் தழுவியே நம் அருங்கலச்செப்பு தமிழில் எழுந்தது. அகிம்சைக்கு அவர் முதலில் நிறுத்தியது அரசனையோ வணிகனையோ அன்று; மாதங்கனாகிய யமபாலனை. அவன் தூக்கிலிடும் தொழிலினன். சதுர்த்தசி நாளில் கொல்லேன் என்று முனிவரிடம் ஏற்ற ஒரே விரதத்தை, அரசன் சினந்து முதலைகள் வாழும் நீர்நிலையில் தள்ளச் செய்தபோதும் கைவிடாதவன்.

மற்றொருவன் மிருகசேனன் என்னும் மீனவன். சோமதேவசூரியின் யசஸ்திலகத்தில் அவன் வரலாறு வருகிறது. வலையில் முதலில் அகப்படும் மீனைக் கொல்லாது விடுவேன் என்பது அவன் முனிவரிடம் ஏற்ற விரதம். அன்று அகப்பட்ட மீனை அடையாளமிட்டு நீரில் விட்டான். அதே மீன் மீண்டும் மீண்டும் வலையில் வர, ஐந்து முறையும் விடுவித்தான். வெறுங்கையோடு வீடு திரும்பியவனை மனைவி உள்ளே விடவில்லை. அன்றிரவே பாம்பு தீண்டி இறந்தான். மறுபிறப்பில் ஐந்து முறை சாவினின்று தப்பினான் என்பது கதை. ஒரு மீனவன் ஒரு மீனுக்கு அளித்த அபயதானத்தை ஆசாரியர் சிறிதென்று தள்ளவில்லை. ஏட்டில் எழுதி நம் கையில் தந்தனர்.

அத்தகைய செயல் கதையோடு நின்றுவிடவுமில்லை. குஜராத் கடற்கரையில் 2004ஆம் ஆண்டு தொடங்கிய இயக்கத்தின் பயனாக, தம் வலையில் சிக்கும் திமிங்கலச் சுறாவை விடுவிக்க மீனவர்கள் தம் வலையையே அறுத்து வருகின்றனர். அவ்வாறு விடுதலை பெற்றவை பல நூறு.

மறைப்பதால் வரும் கேடு

பிறர் குணத்தைக் கண்டும் காணாதது போலிருத்தல் வெறும் கவனக்குறைவு என்று நினைத்தல் வேண்டா. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் இதனை வினைக்கு வாயிலாகவே கூறுகிறது. பிறரை இகழ்தல், தன்னைப் புகழ்தல், பிறரிடம் உள்ள குணத்தை மறைத்தல், தன்னிடம் இல்லாத குணத்தை உள்ளதாகக் காட்டுதல் ஆகியவை நீச கோத்திரத்திற்குக் காரணமாம். குலமும் ஜாதியும் எண்வகை மதங்களுள் அடங்கும் என்பதையும் நாம் அறிவோம். ஆகவே, ‘அவர் இன்ன குலத்தார், அவர் செயலை நாம் ஏன் போற்ற வேண்டும்?’ என்று வாய்மூடி இருப்பவர், எந்தக் குலத்தைத் தாழ்ந்ததென்று கருதுகிறாரோ அத்தகைய தாழ்வைத் தமக்கே தேடிக்கொள்கிறார். இதனினும் கடுமையான எச்சரிக்கை வேறு வேண்டுமோ?

எழுச்சி செயலாக வேண்டும்

பிரமோதம் கண்ணீரோடு வடிந்துவிடும் உணர்ச்சியன்று. விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுவது போல, கண்ட குணம் நம்மிடத்தும் பற்றிக்கொள்வதே அதன் பயன். நற்செயல் ஒன்றைக் கண்டு வியந்து, அடுத்த நாள் மறந்துவிட்டால் விளக்கை வேடிக்கை பார்த்தவராவோம். எனவே மூன்று நியமங்களை நம் குடும்பங்கள் மேற்கொள்ளலாம்.

முதலாவது, கண்ட நற்செயலை அன்றிரவே வீட்டில் சொல்லுதல். செய்தவர் யாரெனினும் குறைத்துப் பேசாது, ‘ஆனால்’ என்னும் சொல்லைச் சேர்க்காது, பிள்ளைகள் கேட்கச் சொல்லுதல்.

இரண்டாவது, ஏழு நாட்களுக்குள் அதுபோன்ற ஒரு சிறு செயலை நாமும் செய்தல். ஆகாரம், மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் ஒன்றாக அது அமையலாம். பேருந்தில் முதியவர்க்கு இடம் தருதல், கோடையில் வாயிலில் தண்ணீர்ப் பானை வைத்தல், மருத்துவமனையில் வழியறியாது நிற்பவரை உரிய இடத்தில் கொண்டு சேர்த்தல், மொட்டை மாடியில் பறவைகட்கு நீர் வைத்தல் ஆகிய எதுவும் சிறிதன்று. அணுவிரதம் என்னும் பெயரே சிறுமையை இழிவாகக் கருதாத சமயம் நம்முடையது என்று காட்டும்.

மூன்றாவது, செய்ததைப் பிறர்க்கு உரைக்காதிருத்தல். பிறர் குணம் உரைப்பது பிரமோதம். தன் குணம் உரைப்பது மதம்.

வெள்ளத்தில் மண்டியிட்டவர் நம் சூத்திரங்களைக் கற்றவரல்லர். கற்ற நாம், அத்தகைய தருணம் வரும்போது நின்று பார்ப்போமா, குனிவோமா என்பதே நம் முன் நிற்கும் கேள்வி. அதற்கு விடை சாமாயிக மணையில் தொடங்கித் தெருவில் நிறைவுறுகிறது.

சிந்தனைக்கு

1. நான்கு பாவனைகளையும் அவற்றுக்கு உரியோரையும் கூறுக.
2. குணத்துக்கு உடன்படுதலும் தொழிலுக்கு உடன்படுதலும் எவ்வாறு வேறுபடும்?
3. யமபாலன், மிருகசேனன் இருவரும் ஏற்ற விரதங்கள் யாவை? அவை சிறியவையா, பெரியவையா?
4. இம்மாதம் நீங்கள் கண்ட அறிமுகமற்றவரின் நற்செயல் ஒன்றை வீட்டில் உரைத்து, அதனைத் தொடர்ந்து நீங்கள் செய்யக்கூடியது யாதென உங்களுக்குள் முடிவு செய்க.

ஜின தருமம் ஓங்குக!