இரவில் ஃப்ரிட்ஜை அணைக்கலாமா?

கேள்வி: தினமும் இரவில் ஃப்ரிட்ஜை அணைத்து வைத்தால் கரன்ட் பில் குறையுமா?

பதில்: மிகச் சொற்பமாகவே குறையும்; அதற்காக உணவைப் பணயம் வைக்காதீர்கள். கம்ப்ரஸர் இடைவிடாமல் ஓடுவதில்லை; உள்ளே புகுந்த வெப்பத்தை வெளியேற்றத் தேவையான அளவே ஓடுகிறது. அணைத்துவிட்டாலும் வெப்பம் புகுவது நிற்காது. 'அந்த நேரத்துக்கு மீட்டர் ஓடவில்லையே' என்பீர்கள். காலையில் கம்ப்ரஸர் நீண்ட நேரம் ஓடி, மிச்சமானதில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்குள் உள்ளே 5 டிகிரியைத் தாண்டினால் பாலிலும் மீனிலும் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் வெயிலுக்கு இது சின்ன விஷயமல்ல.

மிச்சம் பிடிக்க வேண்டுமானால், உள்ளே 4 டிகிரியும் ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியும் போதும். அதற்கு மேல் குளிரவைப்பது வீண்செலவு. சுவரோடு ஒட்டி நிற்கும் ஃப்ரிட்ஜைச் சற்று முன்னே இழுத்து வையுங்கள், வெப்பம் வெளியேற வழி வேண்டும். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் ரப்பரை மாற்றுங்கள்.