சவலைக் குஞ்சை என்ன செய்வது?

கண்ணு, சிப்காட்டில் ஷிப்டு முடித்துவிட்டு வந்து கோழிக்குஞ்சுகளையும் பார்த்துக்கொள்கிறாய். கூட்டத்தில் இரண்டு மட்டும் வளரவே இல்லை, வைத்துக்கொள்வதா கழித்துவிடுவதா என்று கேட்டாய். ஒரு ஆயுசு கோழியோடு கழித்தவள் சொல்கிறேன், கேள்.

1. முதலில் இனத்தைப் பார். பெருவிடைக் குஞ்சுக்குப் பக்கத்தில் சிறுவிடைக் குஞ்சு சின்னதாகத்தான் தெரியும். பெங்களூரில் உருவாக்கிய கிரிராஜாவோடு சேர்த்து வளர்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும். எங்கள் தெருவில் ஒருத்தி அப்படி ஒப்பிட்டுப் பார்த்து, நல்ல சிறுவிடைகளைச் சவலை என்று விற்றுவிட்டாள். வாங்கினவர் வீட்டில் அவை முட்டையிட்டு, அடையிருந்து, குஞ்சும் பொரித்தன. சின்ன உடம்பு வேறு, நோய் உடம்பு வேறு.

2. முட்டை எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் குஞ்சின் எடை. முதல் ஈட்டுப் பெட்டை இட்ட சின்ன முட்டையிலிருந்து சின்னக் குஞ்சுதான் வரும். அதில் குஞ்சின் குற்றம் எதுவும் இல்லை.

3. குளிரைக் குறைவாக எடை போடாதே. நம் ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; மார்கழி, தையில் விடியற்காலைக் குளிர் குஞ்சைத் தின்றுவிடும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும், பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று டிகிரி குறைக்கலாம். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது என்று அர்த்தம். ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். நைட் ஷிப்டு போகும் நாளில், கரண்டு நின்றால் போய்ப் பார்க்க ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ. குளிரில் விறைத்த குஞ்சு தீவனத்தைத் தேடாது; பின்தங்குவது அங்கேதான் தொடங்குகிறது.

4. நம் பக்கம் ராகிக்குப் பஞ்சமில்லை. அதனாலேயே ராகியை மட்டும் போட்டு வளர்க்கிறவர்கள் நிறையப் பேர். ராகியில் 100 கிராமுக்குப் புரதம் 7 கிராம் அளவுதான். குஞ்சுத் தீவனத்தில் 20 சதவீதமாவது வேண்டும். முதல் எட்டு வாரம் குஞ்சுத் தீவனம் வாங்கிப் போடு. என் மாமியார் பானையில் சாணமும் ஓலையும் வைத்துக் கரையான் பிடித்துப் போடுவார். அந்த வீட்டுக் குஞ்சுகள் நன்றாகத் தேறின.

5. தாய் மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். அயல் கோழி கொத்தினால் சாகும். சவலையைத் தனிப் பஞ்சாரத்தில் போடு, ஆனால் மற்றவற்றின் கண்ணில் படும் இடத்தில் வை. தனிமையிலும் குஞ்சு தீனி எடுக்காது. ஆசனவாயில் எச்சம் ஒட்டி அடைத்திருந்தால் வெந்நீரில் நனைத்த துணியால் மெல்லத் துடை. எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் கடையில் மருந்து கேட்டு நிற்காதே, அன்றே கால்நடை மருத்துவரிடம் போ. அப்போது அது ஒரு குஞ்சின் பிரச்சினை இல்லை, முழுக் கூட்டத்தின் பிரச்சினை. மத்திகிரியில் கோழியினக் கல்லூரியே இருக்கிறது, கேட்கத் தயங்காதே.

6. இரண்டு வாரம் கொடு. ஓடித் தின்று, சின்னதாகவே இருந்தால் இருக்கட்டும். முட்டைக்கோ கறிக்கோ ஆகும். அதன் முட்டையை மட்டும் அடைக்கு வைக்காதே. இரக்கம் ஒரு உயிருக்கு, கவனம் வரப்போகிற தலைமுறைக்கு.

7. நிற்க முடியாமல், விழுங்க முடியாமல் துடிக்கிறதைச் சந்தையில் யார் தலையிலாவது கட்டாதே. குப்பையில் உயிரோடு எறியாதே. கை பழகியவரைக் கூப்பிட்டு நொடியில் முடிக்கச் சொல். சுண்ணாம்பு போட்டு ஆழப் புதை, ஏரிக்கரையில் வீசாதே. மனம் கனக்கும், கனக்கட்டும். அது கனக்காதவர் கையில் நான் குஞ்சு கொடுக்க மாட்டேன்.

8. வெள்ளைக்கழிச்சலுக்கு எடையெல்லாம் கணக்கில்லை. ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி. பிப்ரவரியில் ஊருக்கு ஊர் இலவசத் தடுப்பூசி முகாம் போடுவார்கள். எட்டு வாரம் தாண்டிய எல்லாவற்றையும் கூடையில் கொண்டு போ. நோயில்லாமல் சின்னதாக மட்டும் இருக்கிறதே, அதை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடாதே, கண்ணு.