கைக்குள் அடங்கிய திறன்பேசி எங்கே போனது?

மாணவர்களே, இந்த வாரப் பாடத்தைத் தொடங்குமுன் ஒரு சிறு சோதனை. வீட்டிலுள்ள ஒரு திறன்பேசியை வலது கையில் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அதே கையின் கட்டைவிரலால் திரையின் மேல் இடது மூலையைத் தொட முயலுங்கள். பிடியை மாற்றக்கூடாது. இன்னொரு கையின் உதவியும் கூடாது. பேசி நழுவி விழலாம் என்பதால் மெத்தைமீது அமர்ந்து செய்யுங்கள்.

எட்டியதா? உங்களில் பலருக்கு எட்டியிருக்காது. அது உங்கள் விரலின் குறையல்ல. கடந்த சில ஆண்டுகளில் திறன்பேசிகள் வளர்ந்துவிட்டன. மனிதனின் கை வளரவில்லை. ஒரு கையால் முழுமையாகப் பயன்படுத்தக்கூடிய சிறிய பேசிகள் கடைகளிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டன. அவற்றைத் தேடி அலைவோர் இன்னும் இருக்கிறார்கள். தேடுவோர் இருக்கும்போது பொருள் ஏன் மறைந்தது? விடை காண வடிவியல், உடலியல், மின்னியல், பொருளியல் நான்கும் நமக்குத் தேவைப்படும்.

வளர்ந்த கதை

2007இல் வந்த முதல் ஐஃபோனின் திரை 3.5 அங்குலம். 2011இல் சாம்சுங் நிறுவனம் 5.3 அங்குலத் திரையுடன் கேலக்சி நோட்டை வெளியிட்டபோது, இவ்வளவு பெரிய பேசியை யார் காதில் வைத்துப் பேசுவார்கள் என்று பலர் கேலி செய்தார்கள். கேலி நீடிக்கவில்லை. மற்ற நிறுவனங்களும் அதே வழியில் சென்றன.

சிறிய பேசிகளைக் காப்பாற்றும் முயற்சிகளும் நடந்தன. சோனி நிறுவனம் எக்ஸ்பீரியா வரிசையில் ‘காம்பேக்ட்’ என்ற பெயரில் சிறிய பேசிகளைச் செய்தது. ஆப்பிள் 2020இல் 5.4 அங்குல ஐஃபோன் 12 மினியையும், 2021இல் 13 மினியையும் வெளியிட்டது. 2022இல் புதிய மினி வரவில்லை. அதற்குப் பதிலாக 6.7 அங்குல ஐஃபோன் 14 பிளஸ் வந்தது. 2023 செப்டம்பரில் 13 மினியின் விற்பனையையும் ஆப்பிள் நிறுத்தியது. ஆண்ட்ராய்டு பக்கத்திலும் இதே நிலைதான். 2023இல் வந்த அசூஸ் ஸென்ஃபோன் 10இன் திரை 5.9 அங்குலம். அதற்கு அடுத்து 2024இல் வந்த ஸென்ஃபோன் 11 அல்ட்ராவின் திரையோ 6.78 அங்குலம்.

மூலைவிட்டம் சொல்வது பாதிதான்

திரையின் அளவாக விளம்பரத்தில் வரும் அங்குலம், ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை உள்ள மூலைவிட்டத்தின் நீளம். அதை மட்டும் வைத்துப் பேசியின் அளவை முடிவுசெய்ய முடியாது. எப்படி என்று பைத்தகோரஸ் தேற்றத்தைக் கொண்டு பார்ப்போம்.

6 செ.மீ. அகலமும் 8 செ.மீ. நீளமும் உள்ள செவ்வகத்தின் மூலைவிட்டம் 10 செ.மீ. பரப்பளவு 48 சதுர செ.மீ. இப்போது 2.8 செ.மீ. அகலமும் 9.6 செ.மீ. நீளமும் உள்ள இன்னொரு செவ்வகத்தை வரையுங்கள். 2.8இன் வர்க்கம் 7.84. 9.6இன் வர்க்கம் 92.16. கூட்டினால் 100. ஆக, இதன் மூலைவிட்டமும் 10 செ.மீ.தான். ஆனால் பரப்பளவு 26.88 சதுர செ.மீ. மட்டுமே. மூலைவிட்டம் ஒன்றாக இருந்தும் பரப்பளவு கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது.

இதை உண்மையான பேசிகளிலும் காணலாம். 5.3 அங்குல கேலக்சி நோட்டின் உடல் அகலம் சுமார் 83 மி.மீ. 5.4 அங்குல ஐஃபோன் 12 மினியின் உடல் அகலம் 64.2 மி.மீ. அங்குலக் கணக்கில் மினிதான் பெரியது. கையில் எடுத்தாலோ அது ஏறக்குறைய 2 செ.மீ. ஒடுக்கமானது. திரை நீண்டு ஒடுங்கியதும், திரையைச் சுற்றியிருந்த வெற்று ஓரம் குறைந்ததுமே இதற்குக் காரணம்.

எனவே கடையில் பேசியைத் தேர்ந்தெடுக்கும்போது அங்குலத்தோடு அகலத்தையும் எடையையும் பாருங்கள். உங்கள் உள்ளங்கை உணர்வது அவற்றைத்தான்.

கட்டைவிரலின் வில்

கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி ஒரு மூட்டு உள்ளது. இரண்டு குதிரைச் சேணங்களை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் பொருத்தியதுபோல் இருப்பதால் அதைச் சேண மூட்டு என்பர். மற்ற விரல்களைத் தொடவும், பொருள்களைப் பற்றவும் கட்டைவிரலுக்கு வாய்த்த திறமை இந்த மூட்டினால் வருவது.

நீங்கள் பேசியைப் பிடித்திருக்கும்போது அந்த மூட்டு ஓரிடத்தில் நிற்கிறது. அதை மையமாகக் கொண்டு விரல் அசைகிறது. ஆகவே விரல் நுனி திரைமீது ஒரு வில்லை வரைகிறது. வில்லுக்குள் இருப்பவை எளிதில் எட்டும். வெளியே இருப்பவற்றைத் தொட, பிடியைத் தளர்த்திப் பேசியை நகர்த்த வேண்டும். பேசி கை நழுவுவது பெரும்பாலும் அந்த நொடியில்தான்.

நிறுவனங்களுக்கு இது தெரியும். 2014இல் ஐஃபோன் 6 பெரிதாக வந்தபோது, முகப்புப் பொத்தானை இருமுறை மெல்லத் தொட்டால் திரையின் மேற்பகுதி கீழே இறங்கி வரும் வசதியை ஆப்பிள் சேர்த்தது. சாம்சுங் 2018இல் அறிவித்த இடைமுகத்தில், தொட வேண்டியவற்றைத் திரையின் கீழ்ப்பாதிக்குக் கொண்டுவந்தது. பேசியைச் சுருக்காமல் திரையில் இருப்பவற்றைக் கீழே இறக்கினார்கள். ஏன் சுருக்கவில்லை?

மின்கலத்தின் கணக்கு

ஐஃபோன் 12, ஐஃபோன் 12 மினி இரண்டிலும் ஒரே சில்லு, ஒரே கேமரா, ஒரே தடிமன். அளவு மட்டுமே வேறு. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இணை கிடைப்பது அரிது.

ஐஃபோன் 12இன் மின்கலக் கொள்ளளவு 2,815 மில்லி ஆம்பியர் மணி. மினியில் அது 2,227. அதாவது, மினியில் இருப்பது பெரியதன் 79 விழுக்காடு. திரைப் பரப்பளவும் சுமார் 80 விழுக்காடுதான். மின்கலமும் திரையும் ஒரே அளவில் குறைந்திருப்பதால் பேசி இயங்கும் நேரம் மாறாமல் இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் ஆப்பிள் அறிவித்த காணொளி நேரம் ஐஃபோன் 12க்கு 17 மணி, மினிக்கு 15 மணி. இரண்டு மணி நேரம் எங்கே போனது?

ஓர் எளிய கணக்குப் போடுவோம். ஐஃபோன் 12 செலவழிக்கும் மின்சாரத்தை 100 பங்கு எனக் கொள்வோம். அதில் 50 பங்கு திரைக்கும், 50 பங்கு சில்லு முதலிய மற்றப் பாகங்களுக்கும் போவதாக வைத்துக்கொள்வோம். மினியின் திரை சிறியது. அதற்கு 40 பங்கு போதும். சில்லோ அதேதான், அதற்கு அதே 50 பங்கு வேண்டும். மொத்தம் 90. கையிருப்பு 79 விழுக்காடு, செலவு 90 விழுக்காடு. 79ஐ 90ஆல் வகுத்தால் சுமார் 0.88. அதை 17 மணியால் பெருக்கினால் ஏறக்குறைய 15 மணி!

பாதிப்பாதி என்பது நாம் வைத்துக்கொண்ட எண்தான். உண்மையான பங்கு பயன்பாட்டுக்கேற்ப மாறும். ஆனால் பாடம் தெளிவு. பேசி சுருங்கும்போது மின்கலம் சுருங்குகிறது. திரையின் செலவும் சுருங்குகிறது. சில்லும் அலைவாங்கியும் கேட்பது மட்டும் சுருங்குவதில்லை. வீடு சிறியது என்பதற்காக அரிசி விலை குறையாது அல்லவா? அதுபோலத்தான். மேலும், கேமராவும் மின்சுற்றுப் பலகையும் பேசியோடு சேர்ந்து அதே அளவில் சுருங்க மறுப்பதால், பெட்டி சிறிதாகச் சிறிதாக மின்கலத்துக்கு மிஞ்சும் இடம் இன்னும் நெருக்கடியாகிறது. வெப்பத்தை வெளியேற்றும் பரப்பும் குறைகிறது.

தொழிற்சாலையின் கணக்கு

ஒரு புதிய அளவில் பேசி செய்ய, அதற்கென்றே தனி மின்கலம், தனித் திரை, தனி மின்சுற்றுப் பலகை, உடலைச் செய்யும் தனிக் கருவிகள், தனிச் சோதனைகள் வேண்டும். ஒரு பேசி விற்றாலும் ஒரு கோடி விற்றாலும் இந்தச் செலவு ஒன்றே. இதை நிலையான செலவு என்பர்.

கணக்குக்காக இதை 10 கோடி ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடிப் பேசிகள் விற்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 10 ரிங்கிட் விழும். 10 லட்சம் மட்டுமே விற்றால் 100 ரிங்கிட் விழும். அதோடு, சிறிய பொருள் மலிவாக இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். 12 மினியை ஆப்பிள் அமெரிக்காவில் 100 டாலர் குறைத்துத்தான் விற்றது. உள்ளே அதே சில்லும் அதே கேமராவும் இருந்தன. குறைந்த விலை, குறைந்த எண்ணிக்கை இரண்டும் சேர்ந்தால் எந்த நிறுவனமும் தயங்கும்.

தேடுவோர் எத்தனை பேர்?

2022இல், பெபிள் என்ற திறன்கடிகாரத்தை உருவாக்கிய எரிக் மிஜிகோவ்ஸ்கி, 6 அங்குலத்துக்கும் குறைவான திரையுடைய தரமான ஆண்ட்ராய்டு பேசி வேண்டும் என்போர் பெயரைப் பதியலாம் என்று அறிவித்தார். பல ஆயிரம் பேர் பதிந்தார்கள். அப்படியென்றால் தேவை இருப்பது உறுதியாகிவிட்டதா?

அவசரப்படாதீர்கள். பெயரைப் பதிந்தவர்கள் ஏற்கெனவே சிறிய பேசியை விரும்பியவர்கள். விரும்பாதவர்கள் அந்தப் பக்கமே வந்திருக்கமாட்டார்கள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக் வாங்க வரிசையில் நிற்பவர்களிடம் மட்டும் “நாசி லெமாக் பிடிக்குமா?” என்று கேட்பதைப் போன்றது இது. தாமாக முன்வந்தவர்களைக் கொண்ட மாதிரி, முழு மக்கள்தொகையைக் காட்டாது. பெயரைப் பதிவது இலவசம். பேசியை வாங்கப் பணம் வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எதிர்வாதத்தையும் இதே கண்ணோடு சோதிக்க வேண்டும். “மினி எதிர்பார்த்த அளவு விற்கவில்லை, ஆகவே யாருக்கும் சிறிய பேசி வேண்டாம்” என்பார்கள். ஆப்பிள் ஒவ்வொரு வகையின் விற்பனை எண்ணிக்கையையும் தனித்தனியாக வெளியிடுவதில்லை. சந்தை ஆய்வாளர்களின் மதிப்பீடுகளே மினியின் பங்கு குறைவு என்று கூறின. அதை ஏற்றாலும், குறைவு என்பது வேறு, இல்லை என்பது வேறு. 12 மினி வந்த அதே ஆண்டின் ஏப்ரலில், அதைவிட மலிவான 4.7 அங்குல ஐஃபோன் எஸ்இ வந்திருந்தது. சிறிய பேசி தேடிய சிலர் அதை முன்பே வாங்கியிருக்கலாம். மினியின் மின்கலம் பிடிக்காமல் சிலர் விட்டிருக்கலாம். விற்பனை எண் ஒன்று. அதன் பின்னாலுள்ள காரணங்கள் பல.

யாருடைய கைக்காக?

பெரிய திரையை விரும்புவோரைக் குறைசொல்ல முடியாது. பார்வை மங்கிய பாட்டிக்குப் பெரிய எழுத்து வேண்டும். வீட்டில் கணினி இல்லாத மாணவனுக்கு அந்தத் திரைதான் வகுப்பறை. பெரும்பாலோர் பெரிய பேசியை வாங்குவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு.

ஆனால், சராசரியாகப் பெண்களின் கை ஆண்களின் கையைவிடச் சிறியது. ஆணுடலை அளவாகக் கொண்டு பொருள்கள் வடிவமைக்கப்படுவதைப் பற்றி 2019இல் நூல் எழுதிய கரோலின் கிரியாடோ பெரெஸ், திறன்பேசியையும் அதற்கு ஓர் எடுத்துக்காட்டாகக் காட்டினார். மூட்டுவலி உள்ளவர், ஒரு கையை இழந்தவர், இடுப்பில் குழந்தையைச் சுமந்தபடி மருத்துவமனைக்கு அழைக்கும் தாய், எல்ஆர்டி இரயிலில் ஒரு கையால் பிடியைப் பற்றி நிற்பவர் ஆகியோருக்குச் சிறிய பேசி ஓர் ஆசைப்பொருள் அல்ல, அவசியம். மடிக்கும் பேசிகள் இவர்களுக்குப் பாதி உதவிதான் செய்கின்றன. மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கும். விரித்தால் அதே நீண்ட திரை, அதே எட்டாத மூலை.

பெரும்பான்மைக்குப் பொருந்தும் பொருளைச் சந்தை செய்து தந்துவிடும். சிறுபான்மையின் தேவையைச் சந்தை தானாகப் பார்க்காது. யாராவது அளந்து காட்ட வேண்டும். அளப்பதற்கு உங்களிடம் அளவுகோல் இருக்கிறது.

செய்து பாருங்கள்

1. ஒரு தாளின் ஓரத்தைப் பேசியைப் பிடிப்பதுபோல் பிடியுங்கள். கட்டைவிரலில் பென்சில் தூளைத் தடவி, தாள்மீது வில் வரையுங்கள். மூட்டிலிருந்து வில்லின் விளிம்பு வரை அளந்து குறியுங்கள்.

2. வீட்டிலுள்ள எல்லாரிடமும் இதையே செய்யுங்கள். தாத்தா, பாட்டி, தம்பி, தங்கை யாரையும் விட்டுவிடாதீர்கள். விரும்பி வருபவர்களை மட்டும் அளந்தால் என்ன தவறு நேரும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

3. ஒவ்வொருவரின் வில்லையும் அவரவர் பேசியின் திரை அளவோடு ஒப்பிடுங்கள். யாருடைய பேசி அவருடைய கைக்குப் பொருந்துகிறது? பொருந்தாதவர்கள் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பதில்களை எந்த விற்பனைப் புள்ளிவிவரத்திலும் நீங்கள் காணமாட்டீர்கள்.