ஓவியமும் சுட்ட மண்ணும்: கண்காட்சியில் எதைப் பார்ப்பது?

(மூன்றாம் ஆண்டு மாணவன், பீங்கான் தொழில்நுட்பப் பிரிவு)



'ஆர்ட் கேலரி' என்று சொன்னாலே நம்மில் பலருக்கு ஒரு தயக்கம் வந்துவிடுகிறது. வெள்ளைச் சுவர், அமைதி, மெதுவாகப் பேசும் மனிதர்கள். "அதெல்லாம் பெரிய எடத்து சமாச்சாரம், நமக்கு எங்கே புரியப் போகுது?" என்று வாசலோடு திரும்பி விடுகிறோம். பெரும்பாலான காட்சிக்கூடங்களில் கட்டணம் கிடையாது. நம்மைத் தடுப்பது டிக்கெட் அல்ல, நம் கூச்சம்தான். நம் பக்கத்து ஓவியர்களும் பீங்கான் கலைஞர்களும் சேர்ந்து வைக்கும் கண்காட்சியில் பாதி விஷயம் நமக்கு லேப்-பிலேயே தெரிந்த விஷயம். அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

சென்னை ஓவியப் பள்ளியை 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கினார். தொடக்கத்தில் அது நம் பாலிடெக்னிக் மாதிரி தொழில் கற்றுக் கொடுக்கும் இடமாகவே இருந்தது. பின்னாளில் அதன் முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நாலு பேர் பாறையைப் புரட்டும் உழைப்பாளர் சிலை (1959) அவர் செய்ததுதான்.

அவருக்குப் பின் முதல்வரானவர் கே.சி.எஸ். பணிக்கர். படம் வரைந்து மட்டும் வயிறு கழுவ முடியாது என்று தெரிந்திருந்த அவரும் இளைய ஓவியர்களும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்கள் செய்து விற்றார்கள். அந்தக் காசில் நிலம் வாங்கி, 1966-ல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். கைத்தொழில்தான் கலைக்குச் சோறு போட்டது. இதை நாம் மறக்கக் கூடாது.

ஓவியத்தின் முன் நின்றால்

"இது என்ன படம்?" என்று உடனே கேட்க வேண்டாம். முதலில் பத்தடி தள்ளி நின்று மொத்தமாகப் பாருங்கள். கண் முதலில் எங்கே போகிறது? அங்கிருந்து எங்கே நகருகிறது? பிறகு கிட்டே போய், கோடு எப்படி ஓடுகிறது, வண்ணம் தடிப்பாக இருக்கிறதா மெல்லிசாக இருக்கிறதா என்று கவனியுங்கள்.

இரண்டு உதாரணம் சொல்கிறேன். பணிக்கர் 1963-ல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களில் ஜாதகக் கட்டம், கணக்குச் சமன்பாடு, எழுத்து போன்ற கிறுக்கல் எல்லாம் இருக்கும். எழுத்து மாதிரி தெரியும், ஆனால் வாசிக்க வராது. ஓலைச்சுவடியைப் படிக்கத் தெரியாதவர் பார்த்தால் எப்படித் தோன்றுமோ அப்படி! எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வீட்டிலிருந்து வந்த எனக்கு அது நன்றாகவே புரிந்தது. என் அம்மா ரேஷன் கார்டை அப்படித்தான் பார்ப்பார்.

இன்னொருவர் திருச்சிப் பக்கத்து கீராம்பூரில் பிறந்த கே.எம். ஆதிமூலம். 1969-ல் காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் வெறும் கறுப்பு வெள்ளைதான். கோட்டின் நெருக்கத்தாலேயே நிழலும் வெளிச்சமும் வந்துவிடும். என்ஜினீயரிங் டிராயிங்கில் கோட்டின் தடிப்புக்கு மார்க் வாங்கும் நமக்கு இது தெரியாதா என்ன?

பீங்கான் பொருளின் முன் நின்றால்

மூன்று கேள்வி போதும்.

1. எவ்வளவு சூட்டில் வெந்தது? சாதாரண மண்பாண்டமும் செங்கலும் 1000 டிகிரி சென்டிகிரேடுக்குள் வெந்தவை. மண்ணில் நுண்துளைகள் இருப்பதால்தான் பானைத் தண்ணீர் கசிந்து, ஆவியாகி, குளிர்கிறது. 'ஸ்டோன்வேர்' 1200 டிகிரிக்கு மேல் வெந்தது. துளைகள் அடைபட்டுக் கல் மாதிரி ஆகிவிடும். அனுமதி கேட்டு விரலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும்.

2. நிறம் எங்கிருந்து வந்தது? மேலே இருப்பது பெயிண்ட் அல்ல, உருகிய கண்ணாடிப் பூச்சு. அதைத்தான் 'கிளேஸ்' என்கிறோம். கோபால்ட் ஆக்சைடு நீலம் தரும். தாமிரம் காற்றோட்டமுள்ள சூளையில் பச்சையாகும், ஆக்சிஜன் குறைந்த சூளையில் சிவப்பாகும். இரும்பைக் கொஞ்சம் சேர்த்து ஆக்சிஜனைக் குறைத்துச் சுட்டால் இளம்பச்சை, கூட்டிச் சேர்த்தால் கறுப்பு. ஆக, பீங்கான் கலைஞரின் தூரிகை பாதி நெருப்புதான்.

3. என்ன ஆபத்தைத் தாண்டி வந்தது? காயும்போதும் வேகும்போதும் மண் ஏறக்குறைய 10 சதவீதம் சுருங்கும். 573 டிகிரியில் குவார்ட்ஸ் திடீரென்று கனஅளவு மாறும். ஆறும்போது அவசரப்பட்டால் அங்கேதான் விரிசல் விழும். முழுசாக நிற்கும் ஒவ்வொரு ஜாடியும் இதையெல்லாம் கடந்து வந்ததுதான்.

பாண்டிச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் தொடங்கிய 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி' இந்த ஸ்டோன்வேர் கலையை நம் பக்கத்தில் வளர்த்தது. சவுக்கு விறகு எரித்துச் சூளை போட்டார்கள். அங்கே கற்றுக்கொண்ட பலர் இன்று நாடு முழுக்கப் பெயர் பெற்றிருக்கிறார்கள்.

பெயர்ச் சீட்டு யாருக்கு?

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். காட்சிக்கூடத்தில் ஒவ்வொரு படைப்பின் பக்கத்திலும் கலைஞரின் பெயர், ஆண்டு, ஊடகம் எழுதிய சீட்டு இருக்கும். நம் ஊர் அய்யனார் கோயிலில் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் மண்குதிரைக்கு அப்படி ஒரு சீட்டு உண்டா? அந்தக் குதிரையைச் செய்யும் வேளார் களிமண்ணில் மணலும் உமியும் கலக்கிறார். மணல் சுருக்கத்தைக் குறைக்கிறது. உமி எரிந்துபோய் நீராவி வெளியேற வழிவிடுகிறது. அதனால்தான் தடித்த மண்ணும் வெடிக்காமல் வேகிறது. நாம் செமஸ்டரில் படிக்கும் பாடத்தை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருக்கிறார்கள்.

என் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். பைரோமீட்டர் என்றால் அவருக்குத் தெரியாது. ஆனால் நெருப்புக் கண்ணில் எட்டிப் பார்த்து, "இன்னும் பழுக்கல, ரெண்டு மணி நேரம் போகணும்" என்பார். மங்கல் சிவப்பு என்றால் சுமார் 700 டிகிரி, ஆரஞ்சு என்றால் 1000-ஐ நெருங்குகிறது என்று நான் புத்தகத்தில் படித்தேன். அவர் கண்ணால் படித்தார். இரண்டும் ஒரே படிப்புதான். ஆனால் ஒன்றுக்கு சர்டிபிகேட் உண்டு, இன்னொன்றுக்குக் கூலி மட்டும் உண்டு.

நிலைமை மாறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். புதுச்சேரியின் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால் ஒருவருக்குக் கிடைத்தால் போதுமா? டிப்ளமோ முடித்து டைல்ஸ் கம்பெனிக்கும் சானிட்டரிவேர் கம்பெனிக்கும் போகப்போகும் நாம், மண்ணைத் தொட்டவர்களின் அறிவை எழுதி வைக்கிற முதல் தலைமுறையாகவும் இருக்கலாமே!

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை ஒரு கண்காட்சி நடந்தால் கூச்சப்படாமல் உள்ளே போங்கள். ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு போங்கள். கலைஞர் அங்கே இருந்தால், "என்ன மண்ணுங்க? எத்தனை டிகிரி? விறகா, கேஸா?" என்று கேளுங்கள். செய்முறை கேட்பவரிடம் எந்தக் கலைஞரும் ஆசையாகப் பேசுவார். திரும்பி வந்ததும் உங்கள் ஊரில் பானை வனைபவரிடமும், சூளை போடுபவரிடமும் அதே கேள்விகளைக் கேட்டு, பதிலை அவர்கள் பெயரோடு எழுதி வையுங்கள்.