கோடரிக்கு வயது என்ன?

சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவன் துணிப்பையில் ஒரு கல்லைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்கூட மனையை மேடாக்குவதற்காக லாரியில் கொண்டுவந்து கொட்டிய கிராவலில் அது கிடந்ததாம். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரியது. அடி பருத்து, நுனி கூராக இருந்தது. இரு பக்கமும் சில்லு பெயர்த்த தடங்கள் தெரிந்தன. கற்கால மனிதனின் கைக்கோடரி என்பதில் எனக்கு ஐயமில்லை. "இதுக்கு என்ன வயசு சார்?" என்று கேட்டான். அதற்கு என்னால் விடை கூற முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மாணவ நண்பர்களே, இத்தகைய கோடரிகளை இந்தியாவில் முதன்முதலில் அடையாளம் கண்டவர் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் ஒன்றை எடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பவரும் நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் மேலும் பலவற்றைக் கண்டனர். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே, கொற்றலையாற்றின் ஓரம் உள்ள சிற்றூர் அது.

காலத்தைக் கவனியுங்கள். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது 1859இல். அதில் மனிதனைப் பற்றி அவர் ஏறக்குறைய ஒன்றும் சொல்லவில்லை. அதற்கென்று தனி நூலை 1871இல்தான் எழுதினார். இடையே, 1863இல், சார்லஸ் லயல் மனிதனின் தொன்மையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அழிந்துபோன விலங்குகளின் எலும்போடு கற்கருவிகளும் ஒரே மண்ணடுக்கில் கிடைப்பதை அது எடுத்துக்காட்டியது. ஐரோப்பாவில் நடந்த இந்த விவாதத்தை அறிந்திருந்ததால்தான் ஃபூட்டின் கண்ணுக்குப் பல்லாவரத்துக் கல் வெறும் கல்லாகத் தெரியவில்லை.

ஆனால் பரிணாமம் நடைபெற நெடுங்காலம் வேண்டுமே! அதைத் தர மறுத்தது எங்கள் இயற்பியல். உருகிய நிலையிலிருந்து பூமி குளிர்ந்து இறுக எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று 1862இல் கணக்கிட்ட கெல்வின், 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகள் என்றார். பின்னர் அதையும் குறைத்துக்கொண்டே போனார். டார்வினுக்கு இது பெருங்கவலையாயிற்று. பூமியின் உட்பகுதியில் வெப்பச்சலனம் இருக்கக்கூடும் என்பதைக் கெல்வின் கருதாமல் விட்டது பெரும்பிழை. கதிரியக்க வெப்பத்தை அவர் அறியாததே காரணம் என்று பல நூல்களில் படிப்பீர்கள்; அது பாதி உண்மைதான். 1896இல் பெக்கரல் கண்டறிந்த கதிரியக்கம் நமக்குத் தந்த பெரிய கொடை கடிகாரம். அது காட்டும் பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள்.

அந்தக் கடிகாரம் அத்திரம்பாக்கத்தில் எவ்வாறு வேலை செய்தது? கோடரி செய்யப் பயன்பட்ட குவார்ட்சைட் பாறை, மனிதன் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே உருவானது. அதன் வயது நமக்குப் பயன்படாது. அந்தக் கல் மண்ணில் புதைந்து எத்தனை காலம் ஆயிற்று என்பதே கேள்வி.

தரைமேல் கிடக்கும் கல்லை அண்டக்கதிர்கள் ஓயாமல் தாக்குகின்றன. அதனால் கல்லிலுள்ள குவார்ட்ஸில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் இரு கதிரியக்க ஐசோடோப்புகள் ஏறத்தாழ 7க்கு 1 என்ற விகிதத்தில் உண்டாகின்றன. கல் ஆழப் புதைந்துவிட்டால் கதிர்கள் எட்டுவதில்லை; புதிய அணுக்களும் உண்டாவதில்லை. இருப்பவை சிதையத் தொடங்கும். அலுமினியத்தின் அரை ஆயுட்காலம் சுமார் 7 லட்சம் ஆண்டுகள், பெரிலியத்துக்கு 14 லட்சம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். 14 லட்சம் ஆண்டுகளில் அலுமினியம் 7 பங்கிலிருந்து 1.75 ஆகும். பெரிலியம் 1 பங்கிலிருந்து 0.5 ஆகும். விகிதம் 3.5க்கு 1. ஆகவே விகிதத்தை அளந்தால் புதைந்த காலம் கிடைக்கும். அளப்பதுதான் கடினம், அணுக்களைத் துகள்முடுக்கியின் உதவியால் எண்ண வேண்டும்.

சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் அகழ்ந்து எடுத்த கருவிகளை, பிரெஞ்சு அறிஞர்களும் சேர்ந்து இவ்வாறு அளந்தனர். 2011இல் வெளியான முடிவு: சுமார் 15 லட்சம் ஆண்டுகள்! களிமண்ணில் உறைந்திருந்த காந்தத் திசையும் இதற்குச் சான்று கூறிற்று. பூமியின் காந்த வடக்கு தெற்காக மாறியிருந்த காலத்தில், அதாவது 10.7 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே, அந்த அடுக்கு படிந்திருந்தது. நம் இனமாகிய ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்புகளுக்கே வயது 3 லட்சம்தான். எனவே கொற்றலைக் கரையில் கோடரி செதுக்கியவர்கள் நமக்கு முந்திய மனித இனத்தார்.

மேலடுக்குகளில் பெரிய கோடரிகள் குறைந்து, நுட்பமான சிறு கருவிகள் வருகின்றன. இங்கே வேறொரு கடிகாரம். மணிகளாகக் கிடக்கும் கனிமங்கள், சுற்றிலுமுள்ள கதிரியக்கத்திலிருந்து சிறிது சிறிதாக ஆற்றலைச் சேமிக்கின்றன. ஆய்வகத்தில் அகச்சிவப்பு ஒளி பட்டதும் அதை ஒளியாகக் கக்கும். வெயில் பட்டாலோ கணக்கு மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். ஆகையால் ஒளி புகாத குழாயில் மண்ணை எடுத்து, மங்கிய சிவப்பு விளக்கில்தான் பிரிக்க வேண்டும். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் உதவியோடு செய்த இவ்வாய்வு, அந்த நுட்பம் இங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியதாக 2018இல் காட்டிற்று. இதில் பிழைவரம்பு 64,000 ஆண்டுகள் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். அதற்கு முன், இந்தியாவில் இக்கட்டத்தை ஒன்றேகால் லட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்டதாகவே பலர் கருதி வந்தனர்.

இனி அந்த மாணவனின் கல்லுக்கு வருவோம். எந்த அடுக்கில், எத்தனை ஆழத்தில், எந்த மண்ணில் இருந்தது? பொக்லைன் அள்ளியபோதே அவ்வளவும் கலந்துவிட்டது. சுற்றியிருந்த மணலும் வெயிலைக் கண்டுவிட்டது. உங்கள் ஊர்க் குவாரியிலோ ஓடைக் கரையிலோ இத்தகைய கல் மண்ணில் பதிந்திருக்கக் கண்டால் பெயர்க்காதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, இடத்தையும் ஆழத்தையும் குறித்து, பூண்டியிலுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் தெரிவியுங்கள்.

லாரி எந்தக் குவாரியிலிருந்து வந்தது என்று விசாரித்து வரச் சொல்லி அவனை அனுப்பினேன். மறுநாள் மாலை வந்தான். ஒரே நாளில் நான்கு இடத்து மண் வந்திருக்கிறதாம். எந்த லாரி எது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.