கொல்லிமலைக் காப்பி: வாங்குவது முதல் வடிப்பது வரை முழுமையான வழிகாட்டி

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் பையில் மிளகும் அன்னாசியும் மலைவாழையும் இருக்கும். கூடவே ஒரு பொட்டலம் காப்பித்தூள். வீட்டில் அதைப் பாலும் சர்க்கரையுமாகக் கலந்து குடித்துவிட்டு, "நம்ம கடைத் தூளே தேவலை" என்று ஓரம் கட்டிவிடுவார்கள். பாவம், அந்தக் காப்பியை அதன் சொந்த ருசியில் ஒருமுறைகூடக் குடித்திருக்க மாட்டார்கள்.

நாமக்கல் மாவட்டத்தில் ஆயிரம் முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த மலையில் விளைவது அரபிகா. சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடி, அந்த ஓக் மரத்திலேயே மிளகுக் கொடி. இதுதான் இங்குள்ள தோட்டங்களின் அமைப்பு.

கொட்டையாக வாங்குங்கள்

தூள் வேண்டாம். அரைத்த காப்பியின் மணம் சில நாளில் பறந்துவிடும். வறுத்த கொட்டை காற்றுப் புகாத டப்பாவில் மூன்று, நான்கு வாரம் தாங்கும். வறுத்த தேதியைக் கேளுங்கள். பழம் பறிப்பது பெரும்பாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஆகவே எந்த அறுவடை என்றும் கேட்கலாம்.

பழத்தை அப்படியே வெயிலில் காயவைத்து உடைத்தால் 'செர்ரி'. தோலுரித்துக் கழுவி உலர்த்தினால் 'பிளாண்டேஷன்'. முன்னது கனமாக இருக்கும், பின்னது தெளிவாக இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பின்னதே நல்லது.

மிளகுக் கொடியின் கீழ் விளைந்ததால் மிளகு மணக்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே நகருங்கள். கொடியின் வாசனை கொட்டைக்குத் தாவாது. ஆனால் பச்சைக் கொட்டை பக்கத்திலிருக்கும் வாடையை உறிஞ்சும். காப்பியில் மிளகு மணந்தால், மிளகு மூட்டையோடு சேர்த்து அடுக்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது, பாதிக்குச் சற்றே குறைவாகச் சிக்கரி இருந்தாலும் அது சட்டப்படி சரிதான். பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் விழுக்காட்டைப் படியுங்கள்.

பச்சைக் கொட்டை கிடைத்தால்

இரும்பு வாணலியில் மிதமான தீயில் கைவிடாமல் கிளறுங்கள். பச்சை மஞ்சளாகி, பழுப்பாகி, பிறகு பட் பட்டென்று வெடிக்கும். வெடிப்பு அடங்கியதும் இறக்கி முறத்தில் கொட்டி, செதிலைப் புடைத்து, உடனே ஆறவிடுங்கள். எண்ணெய் மினுக்கும் வரை கறுக்க விட்டால் கொல்லிமலையும் ஏற்காடும் ஒன்றுபோலத்தான் கசக்கும். வறுத்த மறுநாள் அரைப்பது நல்லது.

பால் இல்லாமல் ஒரு முறை

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். இரண்டு கண்ணாடி டம்ளர் எடுங்கள். ஒன்றில் கொல்லிமலைக் காப்பி, மற்றதில் வழக்கமாகக் குடிக்கும் தூள். டம்ளருக்கு 8 கிராம், அதாவது குவித்த ஒரு மேசைக்கரண்டி. கொட்டையை ரவைப் பருவத்துக்குக் கொரகொரப்பாக அரைத்தால் போதும். முதலில் உலர்ந்த தூளை முகர்ந்து பாருங்கள்.

கொதித்த நீரை அரை நிமிடம் ஆறவிட்டு, டம்ளருக்கு 150 மில்லி ஊற்றுங்கள். மேலே ஆடைபோல் தூள் மிதக்கும். நான்கு நிமிடம் தொடாதீர்கள். பிறகு கரண்டியால் அதை விலக்கும்போது மூக்கைக் கிட்டே கொண்டுபோங்கள். மணம் அதிகம் வெளிப்படுவது அந்தக் கணத்தில்தான். மிதப்பதை வழித்து எறிந்துவிட்டு, வெதுவெதுப்பானதும் கரண்டியில் எடுத்துச் சத்தம் வரும்படி உறிஞ்சுங்கள். நாகரிகம் பார்க்க வேண்டாம். காப்பி வாரியத்தில் ருசி பார்ப்பவர்களும் இப்படித்தான் உறிஞ்சுகிறார்கள். காற்றோடு சேர்ந்து போனால்தான் மணம் மூக்குக்கு எட்டும்.

பழத்தின் புளிப்பு இருந்தால் நல்லது. காடிப் புளிப்பு என்றால் பழம் அதிகம் புளித்துவிட்டது. ஈரச் சாக்கு வாடை வந்தால் சரியாகக் காயவில்லை. கரிக் கசப்பு வறுத்தவர் கைவண்ணம். இன்னும் ஆறியபின் மறுபடி குடியுங்கள்: நல்ல காப்பி ஆற ஆற இனிக்கும், மட்டமானது சகிக்காது. வழக்கமான தூளில் சிக்கரி கலந்திருந்தால் அந்த டம்ளர் நிறத்தில் கறுத்து மிரட்டும்; அந்த நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஃபில்டரில் இறக்குவது

இப்போது பாலுக்கு வரலாம். சிக்கரி ஊறி உப்பி நீரைப் பிடித்துவைக்கும். தனிக் காப்பியில் நீர் சீக்கிரம் இறங்கி டிகாஷன் நீர்த்துப்போகும். அதனால் சற்று நைசாக அரைத்து, வழக்கத்தைவிடக் கால் பங்கு கூடுதலாகப் போடுங்கள். 25 கிராமுக்கு 120 மில்லி நீர் போதும். அழுத்தியை மெல்ல வைத்து, முதலில் தூள் நனையும் அளவு மட்டும் ஊற்றி, அரை நிமிடம் கழித்து மீதியை ஊற்றுங்கள். இறங்கக் கால் மணி நேரம் ஆகலாம். டிகாஷனைத் திரும்பச் சூடாக்காதீர்கள், பாலைச் சூடாக்குங்கள்.

சீனாவின் யுன்னான் மாகாணத்துப் புவார் தேயிலையில் ஒரே இலையைப் பலமுறை ஊறவைத்துக் குடிப்பார்கள். ஒவ்வொரு முறையும் ருசி மாறும். காப்பிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டாம் டிகாஷனில் மிஞ்சுவது கசப்புதான். அந்தத் தூளைச் செடிக்குப் போடுங்கள்.

சிக்கரி இல்லாமல் நாக்கு ஒப்பவில்லையென்றால் பத்துக்கு ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் மலைக் காப்பிக்குக் காசைச் செலவழிக்காதீர்கள். தெருமுனைக் கடைத் தூளே போதும்.