ஆங்கிலத்தை நம்பி டொச் பேசலாமா?



எங்களில் பலர் ஊரில் ஓரளவு ஆங்கிலம் படித்துவிட்டு ஜேர்மனிக்கு வந்தவர்கள். ஆகவே ஒரு டொச் சொல் தெரியாதபோது மனம் தானாகவே ஆங்கிலத்தை நாடுகிறது. இது இயல்பானதுதான். இரு மொழிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஹவுஸ், ஹான்ட், ஃபிங்கர், வின்டர் போன்ற சொற்களை எவரும் படிக்காமலே விளங்கிக்கொள்ளலாம். ஆனால் சகோதரிகள் என்றாலும் அவர்கள் தனிக்குடித்தனம் போய் ஏறக்குறைய 1,500 ஆண்டுகள் ஆகிவிட்டன. முகம் ஒன்றாக இருந்தும் பொருள் மாறிப்போன சொற்கள் பல. அவை வாடகை ஒப்பந்தத்திலும் வைத்தியரின் கேள்வியிலும் பள்ளிக் கடிதத்திலும் வரும்போது சிரித்துவிட்டுப் போக முடியாது.

இந்தப் பாடத்தில் நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். ஆங்கிலச் சொல்லை வைத்து டொச் சொல்லைத் தேடாதீர்கள். சொல்ல வந்ததை முதலில் தமிழில் நினைத்து, அந்தப் பொருளுக்கு டொச்சில் என்ன சொல் என்று பாருங்கள்.

1. முகம் ஒன்று, பொருள் வேறு

கிஃப்ட்: ஆங்கிலத்தில் பரிசு; டொச்சில் நஞ்சு. பரிசுக்குச் சொல் 'கெஷெங்க்'. முற்காலத்தில் டொச்சிலும் இது 'கொடுப்பது' என்ற பொருளில்தான் வழங்கியது. அந்தப் பழைய பொருள் 'மிட்கிஃப்ட்' என்ற சொல்லில் இன்றும் உண்டு. அதற்குப் பொருள் சீதனம்! ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று எங்களை மூக்கைப் பொத்த வைக்கிறதல்லவா, அதைப் போன்றதுதான் இதுவும்.

பெக்கொம்மன்: ஆங்கில 'பிகம்' போல ஒலித்தாலும் இதன் பொருள் 'பெறுதல்'. 'இஷ் மொஷ்ட ஆர்ட்ஸ்ட் வேர்டன்' என்றால்தான் 'நான் வைத்தியராக வர விரும்புகிறேன்'. வேர்டனுக்குப் பதிலாகப் பெக்கொம்மன் போட்டால், வைத்தியர் ஒருவர் எனக்குக் கிடைக்க வேண்டும் என்று ஆகிவிடும்.

ஷ்பெண்டன்: செலவழித்தல் அன்று, நன்கொடை கொடுத்தல். ஆலயத்துக்குக் கொடுப்பது 'ஷ்பெண்ட'. கடையில் செலவழிப்பது 'அவுஸ்கேபன்'.

எவென்டுவெல்: 'இறுதியில் நடக்கும்' என்பதன்று, 'சிலவேளை நடக்கலாம்' என்பதே பொருள். சம்பளம் எவென்டுவெல் கூடும் என்று முதலாளி சொன்னால், அதை நம்பிக் கடன் எடுக்காதீர்கள்.

2. பணமும் இலக்கமும்

கணக்கு வேலை பழகிய எங்களுக்கு இங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும்.

'றென்ட' என்பது ஓய்வூதியம். வீட்டு வாடகை 'மீட்ட'. விளம்பரத்தில் 'கால்ட்மீட்ட' என்று இருந்தால் வெப்பமூட்டும் செலவும் ஏனைய செலவுகளும் சேராத வாடகை. அவையும் சேர்ந்தது 'வார்ம்மீட்ட'. இந்த வேறுபாட்டைக் கேட்டறிந்த பின்பே கையெழுத்து வைக்க வேண்டும்.

ஆங்கிலக் கணக்கியலில் 'புறொவிஷன்' என்பது வரக்கூடிய செலவுக்காக ஒதுக்கி வைக்கும் தொகை. டொச்சில் 'புறொவிசியோன்' என்பது தரகுப் பணம். 'புறொவிசியோன்ஸ்ஃப்றை' என்று போட்டிருந்தால் அந்த வீட்டுக்குத் தரகு இல்லை.

இங்கே 1.250 என்பது ஆயிரத்து இருநூற்றைம்பது. ஆங்கில முறையில் வாசித்தால் ஒன்றேகால். சதத்தைப் பிரிப்பதற்கு இங்கே காற்புள்ளி: 1.250,50 யூரோ. 'பில்லியன்' என்று ஆங்கிலத்தில் சொல்லும் நூறு கோடி டொச்சில் 'மில்லியார்ட'. டொச் 'பில்லியோன்' ஒரு இலட்சம் கோடி. கோடியில் எண்ணிப் பார்த்தால் குழப்பம் வராது.

3. பள்ளிக்கூடம்

'கிம்னாசியும்' உடற்பயிற்சிக் கூடமன்று. பல்கலைக்கழகம் புகுவதற்குரிய 'அபிற்றூர்' பரீட்சைக்குப் பிள்ளையை ஆயத்தம் செய்யும் பாடசாலை அது. 'ஹவுப்ட்' என்றால் 'முதன்மை' என்று அகராதி சொல்லும். ஆனால் 'ஹவுப்ட்ஷூல' முதன்மைப் பாடசாலை அன்று. அங்கிருந்து நேராகப் பல்கலைக்கழகம் போக முடியாது. பல மாநிலங்களில் இது இப்போது வேறு பாடசாலைகளுடன் இணைக்கப்பட்டுவிட்டது. பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்பு முடிவிலேயே அடுத்த பாடசாலையைத் தீர்மானிக்க வேண்டியிருப்பதால், பெற்றோர் இச்சொற்களை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

'ஹோக்ஷூல' என்பதும் ஆங்கில 'ஹைஸ்கூல்' அன்று. அது பல்கலைக்கழக மட்டத்துக் கல்வி நிலையம். ஊரில் உயர்தரத்துடன் நிறுத்தியவர் வேலை விண்ணப்பத்தில் இதை எழுதினால், பட்டச் சான்றிதழைக் காட்டச் சொல்வார்கள்.

4. தமிழ் கைகொடுக்கும் இடங்கள்

குளிர்: 'எனக்குக் குளிர்கிறது' என்கிறோம். டொச்சிலும் 'மியர் இஸ்ட் கால்ட்' என்பார்கள். 'மியர்' என்றால் 'எனக்கு'. ஆங்கிலத்தைப் பின்பற்றி 'இஷ் பின் கால்ட்' என்றால், 'நான் இரக்கமற்றவன்' என்று சொல்வதுபோல ஆகும்.

நீ, நீங்கள்: ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். டொச்சில் 'டூ', 'சீ' என்று இரண்டு. ஊரில் யாரை நீங்கள் என்போமோ அவருக்குச் 'சீ' சொன்னால் பெரும்பாலும் சரிவரும்.

நாளை மறுநாள், முந்தநாள்: 'ஊபர்மோர்கன்', 'ஃபோர்கெஸ்டர்ன்'. எங்களைப் போல அவர்களுக்கும் தனிச் சொற்கள் உண்டு.

கூடாது, தேவையில்லை: மிக முக்கியமானது இதுதான். ஆங்கிலத்தில் 'மஸ்ட் நொட்' என்றால் கூடாது. டொச்சில் 'முஸ் நிஷ்ட்' என்றால் தேவையில்லை. கூடாது என்பதற்கு 'டார்ஃப் நிஷ்ட்'. வைத்தியர் ஒரு மருந்தைப் பற்றிச் சொல்லும்போது இதை மாறி விளங்கினால் உடம்புக்கே கேடு.

5. தமிழும் ஏமாற்றும் இடம்

'நீங்கள் மாத்திரை ஒன்றும் எடுப்பதில்லையா?' என்று கேட்டால் நாங்கள் 'ஓம், எடுப்பதில்லை' என்போம். டொச்சில் எடுக்காதவர் 'நைன்' என்றும், எடுப்பவர் 'டொக்' என்றும் சொல்ல வேண்டும். வெறும் 'யா' என்றால் கேட்டவருக்கு எதுவும் தெளிவாகாது. நேரத்திலும் கவனம் வேண்டும். 'ஹால்ப் ஃபியர்' என்பதில் நாலு என்ற சொல் வந்தாலும் அது மூன்றரை மணி. நாலரைக்குப் போனால் வைத்தியரைச் சந்திக்கும் முறை தவறிவிடும்.

6. மரபுத்தொடர்கள்

மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கக் கூடாது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் இங்கே 'ஒரே அடியில் இரண்டு ஈ'. கொல்லன் தெருவில் ஊசி விற்பது 'ஏதென்சுக்கு ஆந்தை கொண்டுபோவது'. பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு ஆங்கிலேயர் விரலைப் பின்னிக்கொள்வார்கள். இங்கே பெருவிரலை உள்ளே வைத்து அழுத்துவார்கள். ஒன்றுமே விளங்காதபோது 'பான்ஹோஃப் மட்டும்தான் விளங்குகிறது' என்பார்கள். விருந்தில் வயிறு நிறைந்தால் 'இஷ் பின் சட்' என்று சொல்லுங்கள். ஆங்கிலத்தை நினைத்து 'ஃபொல்' என்றால் வெறியில் இருப்பதாக எண்ணிக்கொள்வார்கள்.

பயிற்சி (விடையை மூடிவைத்துச் செய்து பாருங்கள்)

அ. நாளை மறுநாள் மூன்றரைக்கு வருகிறேன்.
ஆ. நீங்கள் இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை.
இ. நான் ஆலயத்துக்கு நூறு யூரோ நன்கொடை கொடுக்கிறேன்.

விடைகள்

அ. இஷ் கொம்ம ஊபர்மோர்கன் உம் ஹால்ப் ஃபியர்.
ஆ. தஸ் மூசன் சீ நிஷ்ட் பெட்சாலன்.
இ. இஷ் ஷ்பெண்ட டெம் டெம்பெல் ஹுண்டர்ட் ஒய்றோ.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வைத்தியரிடமும் கந்தோர்களிலும் பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கும் வழக்கம் எங்களிடையே உண்டு. பிள்ளைக்கு டொச் தெரியும். ஆனால் அதற்குரிய தமிழ்ச் சொல் தெரியாதபோது ஒரு ஆங்கிலச் சொல்லைப் போட்டுச் சமாளித்துவிடும். மேலே கண்ட பொறிகளில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து விழுவது அப்போதுதான். இயன்றவரை அங்கெல்லாம் வளர்ந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் நாளுக்கு ஒரு டொச் சொல்லை எடுத்து, 'இதைத் தமிழில் சொல்லு' என்று பிள்ளையைக் கேளுங்கள். பிள்ளைக்குத் தமிழ் வளரும், உங்களுக்கு டொச் வளரும்.